லாரி எங்கே நிற்க வேண்டும்?

ஹிட்டாச்சி ஓட்டப் பழக வருகிற பையன்கள் முதலில் கேட்பது லிவரைப் பற்றித்தான். இடது லிவரில் மெஷின் சுற்றும், ஆர்ம் நீளும். வலது லிவரில் பூமும் பக்கெட்டும். அது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். டிப்பருக்கு லோடு போடுவது அப்படியில்லை. மெஷின் எங்கே நிற்கிறது, லாரி எங்கே வந்து நிற்கிறது என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் பக்கெட்டை மண்ணில் இறக்கினால், எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் நாள் முழுக்கத் தடுமாற்றம்தான்.

நான் ஹெல்பராகச் சேர்ந்தது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராவல் குழியில். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் காலையில் வந்ததும் மெஷினில் ஏற மாட்டார். குழியைச் சுற்றி நடப்பார். விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மழை பெய்த மறுநாள் இன்னும் மெதுவாக நடப்பார். “மண்ணு நேத்து நின்ன மாதிரி இன்னைக்கும் நிக்கும்னு நெனைக்காதே தம்பி” என்பார்.

வசதி இருந்தால் மெஷின் மேட்டிலும் லாரி பள்ளத்திலும் நிற்க வேண்டும். மேடு ஏறத்தாழ லாரி பாடியின் உயரத்துக்கு இருந்தால், பூமை வானத்துக்குத் தூக்க வேண்டியதில்லை. பாடிக்குள் மண் எங்கே விழுகிறது என்பதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். சமதரையில் நின்று போடும்போது பாடியின் பக்கத் தகடு மறைக்கும். புதியவர்கள் பாடியை இடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மேட்டில் நிற்பதிலும் முறை இருக்கிறது. செயின் விளிம்பை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். டிரைவ் மோட்டார் பின்னால் இருக்க வேண்டும். விளிம்பு சரிய ஆரம்பித்தால் நேரே பின்வாங்கிவிடலாம். விளிம்புக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரு பக்கச் செயின் மொத்தமாக இறங்கிவிடும். மேல்பகுதி சுற்றி, டிரைவ் மோட்டார் நமக்கு முன்னால் வந்துவிட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது. பின்னால் போக மிதித்தால் மெஷின் முன்னால் போகும். பதற்றத்தில் இதை யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் நிறுத்தும்போதே பார்த்துக்கொள்வது. நிற்கிற மேட்டுக்கு அடியிலேயே தோண்டிக்கொண்டு போகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யவே கூடாது.

லாரியை நம் இடது கைப்பக்கம் வாங்குவது நல்லது. கேபின் இடது ஓரத்தில் இருக்கிறது. வலப்பக்கத்தைப் பூமே மறைத்துவிடும். இடப்பக்கம் சுற்றினால் லாரி முழுதாகக் கண்ணில் படும். சுற்று 45 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குள் இருந்தால் டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். வேகம் வேண்டுமென்று லிவரை இழுத்து அடிக்கிறவர்களைவிட, லாரியைப் பக்கத்தில் வாங்கத் தெரிந்தவன்தான் கூடுதல் நடை அனுப்புகிறான்.

பக்கெட் எப்போதும் பாடியின் பின்புறமாகவோ பக்கவாட்டிலோதான் வர வேண்டும். டிரைவர் கேபினுக்கு மேலே போகவே கூடாது, காலி பக்கெட்டாக இருந்தாலும். டிரைவர் கேபினுக்குள் இருக்கலாம், அல்லது நம் கண்ணில் படுகிற தூரத்தில் நிற்கலாம். டயர் ஓரமாக நின்று பீடி பற்றவைப்பது, பாடியில் ஏறி மண்ணைத் தள்ளிவிடுவது இரண்டுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. எங்கள் குழியில் ஒரு ஹாரன் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. வேறு இடத்தில் வேறு மாதிரி இருக்கும். முதல் லாரி வருமுன்னே பேசிக்கொண்டால் போதும்.

முதல் பக்கெட்டைத் தாழ இறக்கி மெதுவாகக் கொட்டுங்கள், அதுவும் பொடி மண்ணாகப் பார்த்து. அது மெத்தை மாதிரி கிடக்கும். பாறாங்கல் இருந்தால் அதன்மேல் இறக்கலாம். கனம் பாடியின் நடுவில் உட்கார வேண்டும். பின்னால் குவித்தால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஒரு பக்கமாகக் குவித்தால், மண்ணை இறக்கப் பாடியைத் தூக்கும்போது லாரியே சாயும்.

இவ்வளவுக்கும் நடுவே ஆபரேட்டரின் கண் பக்கெட்டிலேயே இருக்கும். ஆளைக் கொல்வது முதுகுப்புறம். மெஷின் சுற்றும்போது கவுண்டர் வெயிட் பின்னால் வெளியே வீசி வரும். அதற்கும் மண்சுவருக்கும் நடுவே சிக்கினால் தப்ப வழியில்லை. ஒன்று, அங்கே தாராளமாக இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் நுழையவே முடியாதபடி கல்லையும் கயிற்றையும் போட்டு அடைக்க வேண்டும். ஹெல்பர் பேச வருகிறாரா? பக்கெட்டைத் தரையில் வைத்து, லாக் லிவரைப் போட்ட பிறகுதான் கையசைத்துக் கூப்பிட வேண்டும்.

மேலே கம்பி போகிறதா என்பதும் காலை நடையிலேயே பார்க்க வேண்டியது. 20 டன் மெஷினின் கை 9 மீட்டருக்கு மேல் எட்டும். கம்பி பட்டுவிட்டால், தீப்பிடித்தால் ஒழிய கேபினை விட்டு இறங்கக் கூடாது. யாரையும் கிட்டே வர விடவும் கூடாது.

கடைசியாக, தினமும் நடக்கிற சண்டை. டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. “இன்னும் ரெண்டு பக்கெட் போடுங்கண்ணே” என்பார். மூன்று ஆக்சில் லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 2018-இல் 28.5 டன்னானது. லாரியின் சொந்த எடையே சுமார் 10, 11 டன் போய்விடும். ஈர மண் கனமீட்டருக்கு 1.8 டன் வரும் என்று வைத்தால், பத்துக் கனமீட்டருக்கு மேல் போட வழியில்லை. ஒரு கனமீட்டர் பக்கெட் என்றால் ஒன்பது, பத்து. பாடியில் இடம் பாக்கி இருக்கும், டிரைவரும் அதைத்தான் காட்டுவார். நான் இரண்டு ஹாரன் அடித்துவிடுவேன்.