இரு கட்டடங்களின் வலையமைப்புகளைக் கம்பியின்றி இணைத்தல்

வினா: ஒரு பாடசாலையின் அலுவலகமும் கணினி ஆய்வுகூடமும் விளையாட்டு மைதானத்தின் இரு பக்கங்களில், 200 மீற்றர் இடைவெளியில் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஆளியுடன் கூடிய இடத்துரி வலையமைப்பு உண்டு. இவற்றை இணைக்கப் பொருத்தமான முறையைக் காரணத்துடன் விளக்குக.

மாணவர்களே, "கம்பியில்லா இணைப்பு" என்று மட்டும் எழுதி நின்றுவிடாதீர்கள். காரணமும் கேட்கப்பட்டுள்ளது.

1. செப்பு வடம் ஏன் பொருந்தாது?
முறுக்கிய சோடி வடத்தின் ஒரு துண்டு 100 மீற்றருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் சைகை நலிவடையும். அத்துடன் கட்டடங்களுக்கிடையே செப்பு வடம் செல்லும்போது மின்னலால் இரு பக்கக் கருவிகளும் பழுதடையலாம். ஒளியியல் நார் வடத்தில் இக்குறைகள் இல்லை. ஆயினும் மைதானத்தைத் தோண்டிப் புதைக்க வேண்டும், செலவு கூடும்.

2. தேவையானவை
(அ) பாலமாக இயங்கக்கூடிய அணுகற் புள்ளிகள் 2
(ஆ) திசைசார் அன்ரெனாக்கள் 2
(இ) அணுகற் புள்ளியை ஆளியுடன் இணைக்கும் வடங்கள் 2
(ஈ) கூரைமேல் அன்ரெனாவுக்குப் புவித்தொடுப்பு, மின்னற் காப்பு

3. பொருத்தும் முறை
அன்ரெனாக்களை ஒன்றையொன்று நோக்கி நிறுத்துக. இரண்டுக்கும் ஒரே அலைவரிசையும் ஒரே வலையமைப்புப் பெயரும் கொடுக்க. ஐபி முகவரிகள் வேறுபட வேண்டும். உதாரணம்: 192.168.1.2, 192.168.1.3. இறுதியில் ஒரு கட்டடத்துக் கணினியிலிருந்து மற்றையதற்குப் "பிங்" கட்டளையிட்டுச் சோதிக்க.

4. பார்வைக்கோடு
விஞ்ஞான பாடத்தில் கற்றதை நினைவுகூர்க:
அலைநீளம் = வேகம் ÷ மீடிறன்
2.4 கிகாஹேட்ஸ் அலைக்கு, 300 000 000 ÷ 2 400 000 000 = 0.125 மீற்றர்.
அலை நூல்போல நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை. நடுவழியில் பருத்துச் செல்லும். அவ்விடத்தில் அதன் ஆரை, தூரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கிப் பெறும் எண்ணின் வர்க்கமூலத்தின் அரைவாசியாகும். 200 × 0.125 = 25; வர்க்கமூலம் 5; எனவே ஆரை 2.5 மீற்றர். அன்ரெனா கண்ணுக்குத் தெரிந்தாலும், மைதான நடுவிலுள்ள மரத்தின் கிளை இப்பகுதிக்குள் நீண்டால் சைகை குன்றும். ஆகவே அன்ரெனாவை உயர்த்திப் பொருத்த வேண்டும்.

5. வேகம்
2003இல் வெளியான 802.11ஜி நியமத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 54 மெகாபிற். நடைமுறையில் அதன் அரைவாசியும் கிடைப்பது அரிது. 20 மெகாபிற் கிடைத்தால், 30 மெகாபைற் கோப்பை அனுப்ப (30 × 8) ÷ 20 = 12 செக்கன் எடுக்கும். பைற்றை 8ஆல் பெருக்க மறவாதீர்கள்.

6. பாதுகாப்பு
வடத்தினுள் செல்லும் தரவை மதிலுக்கு வெளியே நிற்பவர் எளிதிற் பெற முடியாது. வானலையை வீதியில் நிற்பவரும் பெறலாம். அலுவலகக் கணினியில் உங்கள் புள்ளிகளும் வீட்டு முகவரியும் உள்ளன. எனவே டபிள்யூபிஏ2 அல்லது அதற்குப் பிந்திய மறைகுறியாக்கமும் நீண்ட கடவுச்சொல்லும் அவசியம். பழைய டபிள்யூஈபி முறை இலகுவில் உடைக்கப்படக்கூடியது.

பயிற்சி: இடைவெளி 60 மீற்றர், நடுவே மூன்று மாடிக் கட்டடம் உள்ளது. உங்கள் விடை மாறுமா? இரு காரணங்கள் தருக.