வரிசையைத் தாண்ட விடாத கம்ப்யூட்டர்

அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றால், கையால் எழுதித் தந்ததை இனி பிரிண்ட் எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அது பாதிதான். மீதியைப் புரிந்துகொள்ள கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தைப் பார்ப்போம்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதுவரை அவை சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. பயிர்க்கடன் கேட்டுப் போனால் பாங்கில் நில ஆவண நகல் கேட்பார்கள். கணக்கர் ஊரில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். இருந்தால் 'கவனிக்க' வேண்டும். பூமி வந்தபின் தாலுகா அலுவலகக் கவுண்டரில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது.

பெயர் மாற்றம்தான் சிக்கலான விஷயம். அப்பா பெயரில் உள்ள நிலத்தை மகன் பெயருக்கு மாற்றக் கொடுத்த மனு மேலே வருமா, அடியில் போகுமா என்பது மேஜைக்காரரின் விருப்பம். பூமி சாஃப்ட்வேரில் இதற்கு 'ஃபிஃபோ' முறையை வைத்தார்கள். அதாவது, முதலில் வந்தது முதலில் போகும். மூன்று ஃபைல்களுக்கு அடுத்தடுத்து பிரிண்ட் கொடுத்தால், கொடுத்த வரிசையிலேயே அச்சாகிறதல்லவா? அதே தத்துவம்தான். (பிரிண்டரிலாவது நாம் வரிசையை மாற்றலாம்.) அதோடு, அதிகாரி லாகின் செய்ய விரல் ரேகையும் வேண்டும். 'என் பாஸ்வேர்டை யாரோ பயன்படுத்திவிட்டார்கள்' என்று பின்னால் கைவிரிக்க முடியாது.

என்னைக் கேட்டால், பூமியின் உயிர் இந்த இரண்டில்தான் இருக்கிறது. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்ஜினியரிங் மாணவர்கள் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படிக்கும் சாதாரண 'க்யூ'தான்.

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். தமிழக அரசின் நில ஆவண இ-சேவை தளத்தைத் திறந்து மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா விவரம் திரையில் வரும். தள முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

மனை வாங்கப் போகும்போது விற்பவர் ஒரு பட்டா பிரிண்டை நீட்டலாம். அதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு தாளை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே டைப் செய்துவிடலாம். அதில் உள்ள குறிப்பு எண்ணை அதே தளத்தில் 'பட்டா சரிபார்க்க' என்ற இடத்தில் கொடுங்கள். சர்வரில் உள்ள பெயரும் பரப்பும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்த நிலத்துக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தட்டச்சுப் பிழையாக ஏறிய பெயரைக் கம்ப்யூட்டர் தானாகத் திருத்தாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.