கணிப்பொறி கற்கலாமா, நகலெடுக்கலாமா?

நூலகத்தில் ஒரு புத்தகம் படிக்கிறீர்கள். அதில் கற்றதைக் கொண்டு உங்கள் சொந்த நடையில் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். இது குற்றமா? இல்லை. பதிப்புரிமைச் சட்டம் காப்பது ஆசிரியரின் சொல்லமைப்பை; அதிலுள்ள கருத்துகளையும் உண்மைகளையும் அன்று. அப்படியானால் செயற்கை நுண்ணறிவுப் பொறியும் அதே புத்தகத்தைக் கொண்டு கற்கலாமா?

முதலில் பொறி கற்கும் முறையைக் காண்போம். நூல் முழுவதும் கணிப்பொறியில் நகலெடுக்கப்படுகிறது. பிறகு அது சிறு சொற்றுண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எண்ணாக மாற்றப்படுகிறது. ‘சூரியன் கிழக்கே’ என்பதுவரை கொடுத்தால், அடுத்து வருவது ‘உதிக்கும்’ என்று பொறி ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் அதன் உள்ளேயுள்ள கோடிக்கணக்கான எண்கள் சிறிதளவு திருத்தப்படுகின்றன. இது மீண்டும் மீண்டும் நடக்கிறது. முடிவில் பொறியில் தங்குவது நூலன்று, திருத்தப்பட்ட எண்களே. எனினும், ஒரே பகுதி பலமுறை வந்திருந்தால், மனப்பாடம் செய்த மாணவனைப்போல் பொறி அதை அப்படியே ஒப்பிப்பதும் உண்டு.

சிக்கல் இங்குதான். நாம் கண்ணால் படிக்கும்போது நகல் உண்டாவதில்லை. பொறியின் படிப்போ நகலில்தான் தொடங்குகிறது. நகலெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு உரியது.

அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு எழுத்தாளர் மூவர் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்புக் கூறினார். நூல்களைக் கொண்டு பொறியைப் பயிற்றுவிப்பது ‘நியாயமான பயன்பாடு’ என்றார். விலைக்கு வாங்கிய நூல்களைப் பிரித்து, பக்கங்களைக் கணிப்பொறியில் பதிவுசெய்ததையும் ஏற்றார். ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட நகல்களை இறக்கி நூலகமாக வைத்ததை ஏற்கவில்லை. அவ்வாண்டே, 150 கோடி டாலர் தந்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் இசைந்தது.

ஆல்சப்பின் தீர்ப்பு வந்து இரண்டே நாள் கழித்து, மெட்டா நிறுவனத்தின்மீதான வேறொரு வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா தீர்ப்பளித்தார். எழுத்தாளர்கள் போதிய சான்று காட்டாததால் நிறுவனமே வென்றது. ஆயினும், பொறிகள் எழுதிக் குவிப்பவை மனிதர் எழுதிய நூல்களின் விற்பனையைக் கெடுக்குமானால், இத்தகைய பயிற்சி பல வேளைகளில் சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்று அவர் எச்சரித்தார். ஜப்பானோ 2018ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி, தகவல் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க இடம் தந்தது. உரிமையாளரின் நலனை நியாயமின்றிக் கெடுக்கக்கூடாது என்ற வரம்பும் வைத்தது.

ஆகவே ‘அனுமதிக்கலாமா?’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. நகல் எப்படிக் கிடைத்தது? அதைக்கொண்டு செய்தது என்ன? அதனால் எழுதியவரின் பிழைப்புக்குக் கேடு வருமா? முதலிரண்டுக்கும் ஓரளவு விடை கிடைத்து வருகிறது. மூன்றாவதே கடினமானது. எழுதிப் பிழைக்க முடியாத நிலை வந்தால் புதிய நூல்கள் குறையும். நாளைய பொறிக்கும் கற்க நூல் இராது.

சிந்திக்க: ஒவ்வோர் ஆசிரியரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமா? அல்லது ‘வேண்டாம்’ என்பவரின் நூலை மட்டும் விலக்கினால் போதுமா? வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டுப் பாருங்கள்.