புகைப்போர்க்குக் குமட்டல் உண்டாவது ஏன்?

முதன்முறை பீடியோ சிகரெட்டோ புகைத்த இளைஞனுக்கு முகம் வெளுக்கிறது. வாயில் நீர் ஊறுகிறது. தலை சுற்றி வயிற்றைப் புரட்டுகிறது. புகை தொண்டையில் உறுத்தியதே காரணம் எனப் பலர் கருதுவர். உறுத்தலால் வருவது இருமல். குமட்டலோ, குருதியில் கலந்த நஞ்சை மூளை கண்டுகொண்டதன் அடையாளம் ஆகும்.

அந்நஞ்சின் பெயர் நிகோடின். 1828ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் இதனைப் புகையிலையினின்றும் தனியே பிரித்தெடுத்தனர். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விலக்குவதற்காகப் புகையிலைச் செடி இதனை வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. பூச்சியைக் கொல்லப் புகையிலைக் கரைசல் தெளிக்கும் வழக்கம் நம் உழவர் அறிந்ததே.

இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. மூளைக்கும் குருதிக்கும் இடையே இயற்கை ஒரு தடுப்பினை அமைத்துள்ளது. முகுளத்திலுள்ள ஒரு சிறு பகுதிக்கு அத்தடுப்புப் பெரிதும் இல்லை. காவற்காரன் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டுமன்றோ! குருதியை நேரே சோதித்து, நஞ்சு கண்டவுடன் வாந்தியைத் தூண்டுவது அதன் பணி. நஞ்சு உணவோடு வந்தது என்பதே உடலின் கணக்கு. நுரையீரல் வழியே வந்ததனை அது அறியாது. இதனோடு, உணவுக்குழலின் அடிவாயில் தளர்வதால் இரைப்பையின் அமிலமும் மேலெழுகிறது.

புகையே இன்றியும் இது நிகழும். பனியில் நனைந்த புகையிலையை வெறுங்கையால் பறிக்கும் தொழிலாளர், தோல்வழியே நிகோடின் ஏறி வாந்தியெடுப்பதுண்டு. இதனைப் பச்சைப் புகையிலை நோய் என்பர்.

சில நாள்களில் குமட்டல் நின்றுவிடும். “பழகிவிட்டது” என்று மகிழ்வோரும் உளர். உண்மையில் மரத்துப்போனவன் அக்காவற்காரனே. நிகோடினை ஏற்கும் நரம்பு வாயில்கள் ஓயாது தூண்டப்படின் மழுங்கிவிடும். குருதியில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கொருமுறை பாதியாகக் குறையும். ஆகவே உறங்கி எழுவதற்குள் அவ்வாயில்கள் ஓரளவு தேறுகின்றன. நெடுநாள் புகைப்பவர்க்கும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் பிடிக்கும் முதற் பீடி சிலபோது குமட்டுவது இதனாலேயே.

வீட்டில் எறிந்து கிடக்கும் சிகரெட் துண்டினைத் தவழும் குழந்தை மென்று விழுங்குவதுண்டு. சிற்றுடலுக்குச் சிறிதளவு நஞ்சும் மிகுதியே. வாந்தியெடுக்க வைக்க முயலாது, எஞ்சிய துண்டினையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.