சப்பாத்திக்கள்ளியின் ‘இலை’

தரிசு நிலங்களிலும் வேலியோரங்களிலும் வளரும் சப்பாத்திக்கள்ளியின் பச்சைத் தகடுகளை இலை என்றே பலரும் கூறுவர். அது பிழையென்று ஆசிரியர் சொல்லிவிட்டால் போதாது. மாணவர் தாமே கண்டறியும்படி செய்தல் வேண்டும்.

புதிதாய்த் துளிர்த்த தகடொன்றை இடுக்கியால் பற்றிக் கொணர்க. (அதன் நுண்சுணைகளுக்குக் கொக்கி போன்ற அமைப்பு உண்டு, தோலில் ஏறினால் எளிதில் வாரா. ஆதலின் மாணவர் கையில் கொடுத்தலாகாது.) தகட்டின்மேல் புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் கூம்பு வடிவான, சதைப்பற்றுள்ள சிற்றுறுப்பொன்று காணப்படும். இதுவே உண்மையான இலை. சின்னாட்களில் உதிர்ந்துவிடுவதால் முதிர்ந்த தகட்டில் இதைத் தேடிப் பயனில்லை. இலைக்கோணத்திலுள்ள புள்ளியே மொட்டு; அம்மொட்டின் இலைகளே முட்களாகத் திரிந்துள்ளன. புதுத் தகடும் பூவும் அங்கிருந்தே தோன்றுகின்றன. இலையையும் அதன் கோணத்தில் மொட்டையும் தாங்குவது தண்டேயாதலின், இத்தகடு இலைத்தொழில் புரியும் தண்டாகும். ரணகள்ளியின் இலை விளிம்பிலும் மொட்டு உண்டே என்று கூர்மையான மாணவன் வினவக்கூடும். அம்மொட்டின் அடியில் இலை இல்லை என்பதைச் சுட்டிக் காட்டுக.

அகன்ற இலையின்மையாலும் மெழுகுப் படிவத்தாலும் நீர் ஆவியாதல் குறைகிறது. உள்ளிருக்கும் பசைப்பொருள் நீரைப் பிடித்து வைக்கிறது. புறத்தோல் துளைகள் பெரும்பாலும் இரவிலேயே திறக்கின்றன. அப்போது உட்கொண்ட கரியமிலவாயு மாலிக் அமிலமாகச் சேமிக்கப்பட்டு, பகலில் துளைகள் மூடியிருக்கையில் சர்க்கரை ஆக்கப் பயன்படுகிறது.

களப்பணியாளர் கருத வேண்டுவது வேறொன்று. தகடு முழுவதும் மொட்டுகள் இருப்பதால், வெட்டியெறிந்த துண்டு ஈரமண்ணில் வேரூன்றித் தனிச்செடியாகும். அரிவாளால் அழிக்க முற்படுவோர் ஒன்றைப் பலவாக்குவதே மிகுதி. இக்களையை இந்நாட்டில் அடக்கியது அரிவாளன்று, பூச்சியே. 1795-இல் சாயத்திற்கான கோச்சினீல் பூச்சியென்று கருதி, பிரேசிலிலிருந்து ஒருவகைப் பூச்சி கொண்டுவரப்பட்டது. சாயம் தரத்தில் தாழ்ந்தது; ஆனால் ஒப்பன்ஷியா மொனகாந்தா என்னும் கள்ளி அப்பூச்சியால் பேரழிவுற்றது. தென்னாட்டில் பரவியிருந்த ஒப்பன்ஷியா டில்லெனியை அது அடக்கவில்லை. அதற்கு ஏற்ற மற்றோரினம் 1926-இல் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டது. தகட்டில் பஞ்சுபோல் வெண்மையாய் ஒட்டியிருப்பதை நசுக்கினால் செந்நிறச் சாறு வருமாயின், அப்பூச்சி அங்கு உள்ளதென அறிக. அத்தகடுகளைப் பூச்சியில்லாத புதர்மேல் வைத்தால் பூச்சி அதற்கும் பரவும்.

கையால் அகற்றியே தீரவேண்டிய இடங்களில், சிதறிய துண்டுகளை ஒன்றுவிடாமல் திரட்டி ஆழப் புதைத்து, அடுத்த மழைக்குப்பின் அவ்விடத்தை மீண்டும் பார்வையிடுக.