கரைவலையும் பெருஞ்சுறாவும்: பொழியூர்க் கடற்கரை தரும் பாடம்

நெய்யாறு அகத்தியமலைத் தொடரில் தோன்றி, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறு என்னும் ஊரருகே அரபிக் கடலில் கலக்கின்றது. அதன் மேற்பகுதியில் 1958-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 128 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. அங்கே வனவிலங்குகளுக்கென ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அதைக் காக்க வன இலாகாவின் ஊழியர்கள் இருக்கின்றனர். ஆற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கே பொழியூர் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. ‘பொழி’ என்பது ஆறும் கடலும் கூடும் மணல்வாயைக் குறிக்கும் சொல்லாகும். இவ்வூரை அடுத்துள்ள நீரோடியிலிருந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகின்றது.

புலிக்கும் யானைக்கும் சட்டம் எந்த அட்டவணையில் இடமளித்திருக்கின்றதோ, அதே அட்டவணையில் இடம் பெற்ற ஒரு பிராணி இக்கடற்பகுதியில் நடமாடுகின்றது. ஆனால் அதற்கு இங்கே எல்லையுமில்லை, காவலருமில்லை. மனிதர் தொழில் செய்யும் இடமே அதன் மேய்ச்சல் நிலமுமாகும். இத்தகைய இடத்தில் அருகிவரும் உயிரினத்தைக் காப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

பிராணியின் இயல்பு

இப்பிராணி திமிங்கிலச் சுறா ஆகும். தமிழில் இதற்கு அம்மணி உழுவை என்ற பெயரும் உண்டு. கேரளக் கரையில் உடும்பன் சிராவு என்பர். பெயரில் திமிங்கிலம் என்று இருப்பினும் இது பாலூட்டி அன்று. செவுள்களால் சுவாசிக்கும் மீனே. இன்று உலகில் வாழும் மீன்கள் யாவற்றிலும் இதுவே பெரியது. 12 மீட்டர் நீளமுள்ளவை அபூர்வமல்ல; அதனினும் பெரியனவும் அளந்து பதிவு செய்யப்பட்டுள்ளன. கருஞ்சாம்பல் நிற முதுகில் வெண்புள்ளிகள் வரிசையாகக் காணப்படும். மனிதரின் கைரேகையைப் போல ஒவ்வொரு சுறாவுக்கும் இப்புள்ளியமைப்பு வேறுபடுவதால், புகைப்படத்தைக் கொண்டே தனித்தனிச் சுறாவை விஞ்ஞானிகள் அடையாளம் காண்கின்றனர்.

சுறா என்றவுடன் கடிக்கும் பிராணி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இது மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. அகன்ற வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், மீன் முட்டைகளையும், சிறு மீன்களையும் நீருடன் உட்கொண்டு, செவுள்களில் அமைந்துள்ள சல்லடை போன்ற உறுப்பால் வடிகட்டி உண்கின்றது. நெத்திலி முதலிய சிறு மீன்கள் திரளும் இடத்தில் இரை மிகுதி. ஆதலால் அங்கே இதுவும் வரும், மீனவரும் வருவர். இவ்விருவரும் ஒரே இடத்தில் சந்திப்பது தற்செயல் அன்று.

இதன் முட்டைகள் தாயின் வயிற்றிலேயே பொரிந்து, குஞ்சுகள் உயிருடன் வெளிவருகின்றன. 1995-ஆம் ஆண்டு தைவானில் பிடிக்கப்பட்ட ஒரு தாய்ச்சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 குஞ்சுகள் இருந்தமை கண்டறியப்பட்டது. எனினும் ஒரு குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கப் பருவம் எய்த ஏறக்குறைய 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. எனவே கரையில் மடியும் ஒரு பெரிய சுறாவின் இடம் மறுபடி நிரம்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-ஆம் ஆண்டு இதனை ஆபத்துக்குள்ளான இனமாக அறிவித்தது. சுமார் 75 ஆண்டுகளில் உலக முழுவதும் இதன் தொகை பாதிக்கு மேல் குறைந்திருக்கும் என்றும், இந்து, பசிபிக் சமுத்திரப் பகுதிகளில் இக்குறைவு 63 சதவிகிதம் என்றும் மதிப்பிடப்பட்டது.

கரைவலை என்னும் தொழில்

கரைவலை, கரைமடி, கம்பாவலை என்று பலவாறு வழங்கும் வலை இக்கரையின் பழைய கூட்டுத் தொழிலாகும். வலையின் நீண்ட கயிற்றில் ஒரு தலைப்பைக் கரையில் சிலர் பிடித்துக் கொள்வர். வள்ளம் கடலுள் சென்று அரைவட்டமாக வலையை இட்டு, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவில் கரை சேர்க்கும். பின்னர் இரு புறமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுப்பர். வலையின் நடுவிலுள்ள பை போன்ற மடியில் மீன் சேரும். கிடைப்பதை வலை உடையவரும் இழுத்தவரும் பங்கிட்டுக் கொள்வர்.

சிறுமீன் கூட்டத்தைத் தொடர்ந்து வரும் பெருஞ்சுறா இந்த அரைவட்டத்திற்குள் அகப்பட்டுக் கொள்ளுமாயின், மடி கரையை நெருங்கும்வரை அது தெரியாமலும் போகலாம். திருவனந்தபுரம் மாவட்டக் கரையில் இவ்வாறு நேர்ந்துள்ளது. ஆழமற்ற நீருக்கு வந்துவிட்ட சுறாவுக்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. நீர் தாங்கிய அதன் பெரும் எடை இப்போது அதன் உள்ளுறுப்புகளையே நசுக்கும். அலை கிளப்பும் மணல் செவுள்களில் அடையும். அதன் பின்னர் ஒவ்வொரு நிமிஷமும் அதன் உயிரைக் குறைக்கின்றது.

அச்சமயம் அங்கே இருப்பவர் யார்? வன அதிகாரி அல்லர், விஞ்ஞானியும் அல்லர். கயிற்றைப் பிடித்த மீனவரே. சுறாவை விடுவிக்க வேண்டுமாயின் அவர் மடியை அறுக்க வேண்டும். அறுத்தால் அன்றைய மீன் முழுவதும் கடலுக்குப் போகும். வலையைச் சீர் செய்யும் நாட்களில் வேலையும் இராது. பொழியூர், கொல்லங்கோடு ஆகிய இடங்களில் கடலரிப்பால் வீடுகளும் பாதைகளும் சேதமுற்றுள்ளன. வலை இழுக்க வேண்டிய மணற்பரப்பே குறுகிவரும் ஊரில், ஒரு நாள் கூலியை இழப்பது சிறு விஷயம் அன்று.

சட்டமும் அதன் எல்லையும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி திமிங்கிலச் சுறா சேர்க்கப்பட்டது. நமது நாட்டில் இச்சட்டப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீனினம் இதுவே. இதனைக் கொல்வதும், இறைச்சி, துடுப்பு, எண்ணெய் முதலியவற்றை விற்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 2022-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம்.

இச்சட்டம் இன்றியமையாதது, வேட்டையையும் வியாபாரத்தையும் அது நிறுத்தியது. ஆயினும் கரைவலையில் தவறுதலாக அகப்பட்ட சுறாவைச் சட்டம் மட்டும் விடுவிக்காது. தண்டனையை மட்டுமே அறிந்த மீனவர் அச்சத்தால் செய்தியை மறைக்க நேரிடும். இறந்த சுறாவை இரவிலேயே புதைத்துவிடவும் கூடும். அப்போது சுறாவும் போகின்றது, அதைப் பற்றிய விவரமும் போகின்றது.

குஜராத்தின் அனுபவம்

இதற்கு வழி கண்ட இடம் குஜராத் கடற்கரையாகும். அங்கே முன்னர் ஈரல் எண்ணெய்க்காகவும், 1990-க்குப் பின் வெளிநாட்டு இறைச்சி வியாபாரத்திற்காகவும் இச்சுறா பெருமளவில் வேட்டையாடப்பட்டது. கொக்கியுடன் பீப்பாய்களைப் பிணைத்துப் பிடித்தமையால் மீனவர் இதனைப் பீப்பாய் என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். 2004-ஆம் ஆண்டு குஜராத் வன இலாகா, இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, டாட்டா கெமிக்கல்ஸ் கம்பெனி ஆகியவை கூடிப் பிரசாரம் ஒன்றைத் தொடங்கின. இராம கதைப் பிரசங்கியாரான மொராரி பாபு இச்சுறாவைப் பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். ‘வாலி’, அதாவது அன்புக்குரியவள், என்ற புதுப் பெயர் பரவியது.

சொல் மட்டும் போதவில்லை. கிழிந்த வலைக்கு அரசாங்கம் நஷ்டஈடு வழங்க முன்வந்தது. விடுவித்ததை மீனவரே படம் எடுத்துக் காட்டினால் போதும் என்ற ஏற்பாட்டால், அதிகாரி வரும்வரை சுறாவைக் கட்டி வைத்திருக்கும் அவசியமும் நீங்கியது. இதுவரை 900-க்கும் மேற்பட்ட சுறாக்கள் அக்கரையில் விடுவிக்கப்பட்டுள்ளன. வேட்டையாடிய கைகளே வலையை அறுத்தன என்பது கருதத் தக்கது. இம்முயற்சி பின்னர் கேரளக் கரைக்கும் விரிவு செய்யப்பட்டுள்ளது.

காட்டோரத்தில் யானை மிதித்த வாழைத்தோட்டத்திற்கு நஷ்டஈடு வழங்குவதை நாம் அறிவோம். மீனவருக்குக் கிழிந்த வலையும் மிதிபட்ட பயிரே. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு செல்வத்தைக் காப்பதன் செலவை, கரையில் மிக எளியவராய் உள்ள ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. அவ்வாறு சுமத்தினால் காரியமும் கைகூடாது.

எல்லையோரக் கடல்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்திலும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலும் அமைந்தன. கரையில் எல்லை உண்டு. சுறாவுக்கு அது இல்லை. காலையில் நீரோடிக்கு நேரே மேயும் சுறா மாலையில் பொழியூர் வலைக்குள் இருக்கலாம். மத்திய சட்டம் இரு புறமும் ஒன்றே. ஆனால் செய்தி சொல்ல வேண்டிய அலுவலகங்கள் வேறு. எனவே எல்லையோர ஊர்களின் ஊழியர் இரு இராஜ்ய வன இலாகாக்களுடனும் தொடர்பு வைத்திருத்தல் அவசியம்.

வலையைத் தவிர வேறு ஆபத்துகளும் பெருகி வருகின்றன. பொழியூருக்கு வடக்கே விழிஞ்ஞம் துறைமுகம் 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீர்ப்பரப்பருகே மெல்ல நீந்தும் சுறாவுக்குப் பெருங்கப்பல்களின் மோதல் உலகெங்கும் அறியப்பட்ட ஆபத்தாகும். அதே மாதம் 25-ஆம் தேதி கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்து வெளிப்பட்ட பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கின. நீரை வடிகட்டி உண்ணும் பிராணிக்கு இரையையும் குருணையையும் பிரித்தறியும் வழி இல்லை.

களப் பணியாளர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. தவறுதலாக வலையில் அகப்பட்ட சுறாவை உயிருடன் விடுவிப்பவரைக் குற்றவாளியாக நடத்தலாகாது. இதனை மீனவர் அறியும்படி முன்கூட்டியே கூற வேண்டும். சுறா கரையேறிய பின் கூறுவதால் பயன் இல்லை.

2. சுறா அகப்பட்டது தெரிந்தவுடன் இழுப்பதை நிறுத்தச் செய்க. மிதக்கும் ஆழத்தில் இருக்கும்போதே மடியைத் தாழ்த்துவதோ அறுப்பதோ நலம்.

3. கரையில் தங்கிவிட்டால், ஈரத் துணியால் உடலை நனைத்துக் கொண்டிருக்க வேண்டும். செவுள்களை மூடலாகாது, அவற்றில் கயிறு கட்டவும் கூடாது.

4. வாலில் கயிறு பூட்டி மணலில் இழுப்பது முதுகெலும்பைக் கெடுக்கும். தலையைக் கடல் நோக்கித் திருப்பி, அலை ஏறும் தருணத்தில் பலர் சேர்ந்து தள்ளுதல் வேண்டும்.

5. கூட்டத்தை விலக்குக. வால் வீச்சு மனிதரைக் காயப்படுத்தும். முதுகில் ஏறிப் படம் எடுத்தலை அனுமதிக்கலாகாது.

6. நாள், இடம், உத்தேச நீளம், வலையின் வகை, வலைக்கு நேர்ந்த சேதம் ஆகியவற்றைக் குறித்து, இடப்புறச் செவுளுக்குப் பின்னுள்ள புள்ளிகளைப் படம் எடுத்து அனுப்புக. நஷ்டஈடு கோருவதற்கும் ஆராய்ச்சிக்கும் இக்குறிப்பே ஆதாரமாகும்.

ஆசிரியர்களுக்கு

கடற்கரைப் பள்ளியில் இப்பாடத்தைப் பாட்டனார் வழக்கிலிருந்து தொடங்குதல் நலம். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, இச்சுறாவுக்கு ஊரில் வழங்கும் பெயர், அது தென்படும் மாதம், உடன் வரும் மீன்கள் ஆகியவற்றை எழுதி வரட்டும். பன்னிரண்டு மீட்டரைப் பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து காட்டலாம். பின்னர் வலை உடையவர், வலை இழுப்பவர், வன ஊழியர் ஆகிய மூவர் நிலையிலும் மாணவரை நிறுத்தி, மடியை அறுக்கும் செலவை யார் ஏற்பது என்று விவாதிக்கச் செய்க. மீனவர் தம் தந்தையே என்பதை அறிந்த மாணவர் கூறும் விடை கேட்கத் தக்கதாயிருக்கும்.

மனிதர் நிறைந்த நிலத்திலும் கடலிலும் வனவிலங்குகள் யாவற்றையும் எல்லை வகுத்துப் பிரித்து வைத்தல் இயலாது. மலையில் சரணாலயம் செய்யும் வேலையைக் கரையில் மீனவரின் கத்தி செய்ய வேண்டியிருக்கின்றது. அக்கத்தி சுறாவின் மீது படாமல் வலையின் மீது படுவதற்கு வேண்டிய நம்பிக்கையை முன்னதாகவே ஏற்படுத்தி வைப்பது களப் பணியாளரின் கடமையாகும்.