பெரிய கேமராவில் சிறிய சுருள்

ஃபிலிம் கேமராக்களில் பலவகைச் சுருள்கள் உண்டு. இன்றும் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, ஓரங்களில் துளைகள் கொண்ட 35 மில்லிமீட்டர் சுருள். மற்றொன்று, 1901ஆம் ஆண்டில் கோடாக் அறிமுகப்படுத்திய ‘120’ சுருள். அதன் அகலம் ஏறத்தாழ 61 மில்லிமீட்டர். பெரிய சுருளுக்கான கேமராவில் சிறிய சுருளைப் போட்டால் என்ன நடக்கும்?

ஹாங்காங்கில் உருவான ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவைப் பார்ப்போம். அதன் லென்ஸின் குவியத் தொலைவு 60 மில்லிமீட்டர். 120 சுருளில் அது ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரப் படம் எடுக்கும். 35 மில்லிமீட்டர் சுருளை அதன் நடுவில் அசையாமல் பொருத்தினால், படத்தின் நீளம் 56 ஆகவே இருக்கும். உயரம் மட்டும் 35 ஆகக் குறையும். துளைகள் உள்ள ஓரங்களிலும் காட்சி பதியும்.

சுருள் சிறியதானதால் லென்ஸ் பொருள்களைப் பெரிதாக்கிவிட்டதா? இல்லை. சன்னலின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் அட்டையால் மறைத்துப் பாருங்கள். வெளியே உள்ள மரம் பெரிதாகாது. தெரியும் பகுதிதான் குறையும். லென்ஸ் உருவாக்கும் பிம்பமும் அப்படியே இருக்கிறது. அதில் எவ்வளவு பதிய வேண்டும் என்பதைச் சுருளின் அளவு தீர்மானிக்கிறது. இங்கே பக்கவாட்டில் சுமார் 50 பாகைக் காட்சி பதியும். மேலிருந்து கீழாக சுமார் 32 பாகை மட்டுமே.

ஓர் எச்சரிக்கை! படங்களின் எண்ணைக் காண, கேமராவின் பின்புறம் சிவப்புச் சாளரம் இருக்கும். 120 சுருளின் பின்னால் உள்ள தாள் அவ்வழியே வரும் ஒளியைத் தடுக்கும். 35 மில்லிமீட்டர் சுருளுக்கு அந்தத் தாள் இல்லை. பழங்காலச் சுருள்கள் பல சிவப்பு ஒளியை உணராதவை. இன்றைய சுருள்கள் பெரும்பாலும் உணரும். எனவே சாளரத்தைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடாவிட்டால் எடுத்த படங்கள் பாழாகிவிடும். சுருளை மீண்டும் அதன் உறைக்குள் சுற்றும் வசதியும் இதில் இல்லை. ஆகவே, முழு இருட்டில்தான் அதை வெளியே எடுக்க வேண்டும்.

இனி, நீங்கள் கணக்கிடுங்கள்: சுருளில் படமெடுக்க 150 சென்டிமீட்டர் இருக்கிறது. இடைவெளியோடு ஒரு படத்துக்கு 60 மில்லிமீட்டர் தேவை. எத்தனை படங்கள் கிடைக்கும்?

விடை: 25.